டிக் விழுந்த செய்தி

போனில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால், அவர் அந்தப் பக்கம் இருக்கிறார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நான் நம்புவதில்லை. அந்தப் புள்ளியை வரைகிற வேலைதான் எனக்குப் பல வருஷம் சோறு போட்டது. அதன் வண்டவாளம் முழுக்க எனக்குத் தெரியும்.

விஷயம் சின்னதுதான். போனிலிருக்கும் ஆப், எங்கோ இருக்கும் சர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்து, மூடாமல் வைத்துக்கொள்கிறது. எங்கள் தொழிலில் அதை சாக்கெட் என்பார்கள். அது திறந்திருக்கும்வரை செய்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடலாம். ஆனால் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தால், நடுவிலிருக்கும் மொபைல் நெட்வொர்க் அந்த இணைப்பை மறந்துவிடும். மறந்ததை யாரிடமும் சொல்லாது. இணைப்பு இருக்கிறது என்று போன் நினைத்துக்கொண்டிருக்கும், சர்வரும் நினைத்துக்கொண்டிருக்கும். போர்ட் பிளேரில் குழாயில் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறைதான் வரும். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். பச்சைப் புள்ளியைப் பார்த்து மட்டும் ஏனோ யாரும் சிரிப்பதில்லை.

நான் போர்ட் பிளேருக்குத் தெற்கே, கடல் தாண்டி, லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அங்கே கொழுந்து பறித்தார்கள், இங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் குலை சுமந்தார்கள். எனக்கு ஒரே அண்ணன், என்னைவிட நான்கு வயது மூத்தவன். படிப்பு எனக்கு ஓடியது, அவனுக்கு வண்டிதான் ஓடியது. அதனால் நான் கம்ப்யூட்டர் படிக்க போர்ட் பிளேருக்கு வந்து ஷாதிபூரில் தங்கினேன். அவன் ஹட் பேயிலேயே இருந்து பிக்-அப் ஓட்டினான்.

சுனாமி வந்த காலையில் அப்பா ஹட் பேயில் கப்பல் அணைகிற ஜெட்டிப் பக்கம் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். இது எனக்கு ஆறு நாள் கழித்துத்தான் தெரியும். அந்த ஆறு நாளும் டவர் இல்லை, லைன் இல்லை. போர்ட் பிளேரில் போலீஸ் வயர்லெஸ்ஸில் வருகிற பெயர்களை ஒருவர் காகிதத்தைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் நின்று கேட்போம். எங்கள் வீட்டுப் பெயர் எதுவும் வரவில்லை. நான் வாசிக்கிறவரிடம் கத்தினேன், வரிசையில் நிற்கிறவர்களிடம் கத்தினேன். ஆறாம் நாள் ஷிப்பில் வந்து இறங்கிய ஒரு முன்பின் தெரியாத மனிதர் சொன்னார்: அம்மாவும் அண்ணனும் மேட்டில் இருக்கிறார்கள், அப்பா இல்லை.

அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் ஏதோ லட்சியம் மாதிரி கேட்கும். லட்சியமெல்லாம் இல்லை, கோபம். ஒரு வார்த்தை கடலைத் தாண்டி வர ஆறு நாள் ஆகுமா என்ற கோபம். அது அடங்கவே இல்லை.

பத்து வருஷம் கழித்து, ஷாதிபூரில் ஒரு பாயின் ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு ஆப் செய்தோம். சர்வர் பக்கத்தை எழுதியது ஒரு பெங்காலிப் பெண், என்னைவிட வயதில் பெரியவர், தீதி என்றுதான் கூப்பிடுவேன். போன் பக்கத்தை எழுதியது நான். எந்தத் தீவுக்கு எந்த ஷிப் எப்போது போகிறது, காற்று மாறி நேரம் மாறினால் என்ன நேரம் என்று அந்த ஆப் சொல்லும். ஒருவருக்கொருவர் செய்தியும் அனுப்பிக்கொள்ளலாம். எங்கள் ஊர்களில் சௌக்கியமா என்று கேட்டவுடன் அடுத்த கேள்வி ஷிப் எப்போது என்பதுதான். ஆகவே கொஞ்ச நாளிலேயே நிறையப் பேர் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் போனில் நானே போட்டுக் கொடுத்தேன்.

அப்போது தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் கிடையாது. எல்லாம் செயற்கைக்கோள் வழிதான். ஹட் பேயிலிருந்து ஒரு வார்த்தை போர்ட் பிளேருக்கு வர வேண்டுமென்றால், அது வானத்துக்கு ஏறி, மெயின்லேண்டில் சர்வர் இருக்கும் இடத்தில் இறங்கி, மறுபடி வானத்துக்கு ஏறி இங்கே வர வேண்டும். கூட்டம் அதிகமான நேரங்களில் எழுத்து ஒவ்வொன்றும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும்.

இந்த லட்சணத்தில் இணைப்பை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்கு அவ்வப்போது இருக்கிறாயா என்று ஒரு சின்னத் துணுக்கை ஆப் அனுப்பும், இருக்கிறேன் என்று சர்வர் சொல்லும். ஹார்ட்பீட் என்பார்கள். அடிக்கடி அனுப்பினால் பேட்டரியும் டேட்டாவும் போகும். அரிதாக அனுப்பினால் இணைப்பு செத்தது தெரியாமல் பச்சைப் புள்ளி பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். எது சரியான இடைவெளி என்று எந்தப் புத்தகமும் எங்கள் தீவுக்காக எழுதவில்லை. அதனால் இரண்டு போனை எடுத்துக்கொண்டு சாத்தம் போவேன். சாத்தம் ஜெட்டியிலிருந்து பாம்பூஃபிளாட் போகும் படகில் ஏறினால் சிக்னல் நடுவில் விழுந்து, மறுகரையில் எழும். அங்கே இறங்காமல் அதே படகில் திரும்பி வருவேன். எப்போது செத்தது, எப்போது தெரிந்தது, எத்தனை நொடியில் மறுபடி இணைந்தது என்று நோட்டில் எழுதுவேன். டிக்கெட் கொடுப்பவர் என்னைக் கொஞ்சம் கழன்ற கேஸ் என்றே முடிவு கட்டியிருந்தார். எனக்கு அந்தப் படகு பிடித்திருந்தது. ஒரு பக்கம் மரம் அறுக்கும் மில்லின் சத்தம், ஒரு பக்கம் கடல், கையில் நான் புரிந்துகொண்டு வருகிற ஒரு விஷயம். கர்வமாகத்தான் இருந்தேன்.

கர்வம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் வைத்திருந்த முறை சரியான முறைதான். செய்தியை அனுப்பினால் பக்கத்தில் ஒரு கடிகாரக் குறி வரும். சர்வர் வாங்கிக்கொண்டேன் என்று பதில் சொன்ன பிறகுதான் அது டிக்காக மாறும். ஆனால் அந்தப் பதில் வானம் ஏறி இறங்கி வர எட்டு நொடி, பத்து நொடி, சில நாள் அதற்கும் மேலே ஆகும். ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. உங்கள் ஆப் தூங்குகிறது, மெதுவாக இருக்கிறது என்று கடைக்கு வந்தே திட்டினார்கள். கீழே கடை பாய்கூட மாடிப்படியில் நின்று, என்னம்மா, கடிகாரம் கடிகாரமாவே காட்டுது என்று கேட்டுவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

டிக்கை முன்னால் நகர்த்தினேன். பொத்தானை அழுத்தியவுடன் ஆப் செய்தியை அனுப்பும் வரிசையில் போடும், போட்டவுடன் டிக் காட்டும். அனுப்புவது பின்னால் நடக்கும். அந்த வரிசையும் போனின் நினைவில் மட்டும்தான் இருந்தது. போன் அணைந்தால் வரிசை அழிந்துவிடும், திரையில் எழுதியதும் அதன் டிக்கும் மட்டும் நிற்கும். தீதி ஒத்துக்கொள்ளவில்லை. சர்வர் சொல்லாததை நீ சொல்லாதே என்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விடுகிறதே தீதி என்று நான் வாதாடினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். மறுவாரமே ஜனங்கள் ஆப் பறக்கிறது என்று பாராட்டினார்கள். உண்மையில் எதுவும் ஒரு நொடிகூட வேகமாகவில்லை.

அந்தப் பாராட்டில் நான் ஒன்றை யோசிக்கவில்லை. அதை யோசிக்காமல் விடுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் கிடையாது, ஏனென்றால் நானும் அந்த ஊர்க்காரிதான். எங்கள் தீவுகளில் யாரும் நெட்டைத் திறந்து வைப்பதில்லை. டேட்டா தீர்ந்துவிடும், பேட்டரி தீர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் ஒரு பழக்கம். நெட்டைப் போடு, எழுது, அனுப்பு, டிக் வந்ததா, நெட்டை அணை. எங்கள் பேச்சில் அதற்கு நெட் பந்த் பண்றது என்று பெயர். அம்மா அடுப்பை அணைக்கிற மாதிரி, வீட்டில் குழந்தைகூட வேலை முடிந்ததும் நெட்டை அணைத்துவிடும். மெயின்லேண்டில் எழுதப்பட்ட எந்த ஆப்பும் இப்படி ஒரு ஜனம் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்திருக்காது. நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். டிக் வந்த கணத்தில் கதவைச் சாத்துகிறவர்களுக்கு, டிக்கை முன்கூட்டியே காட்டினேன்.

அந்த நாள் விடிகாலையில் ஹட் பேயில் அம்மாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் கோணி, பேச்சு குழறியது. அண்ணன் பிக்-அப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் பார்த்துவிட்டு போர்ட் பிளேருக்கு எழுதிக் கொடுத்தார். ஹெலிகாப்டர் அன்று வானிலையால் பறக்கவில்லை. ஷிப் ஒன்று இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்புவதாக இருந்தது, அதில் படுக்கை கிடைத்தது. அண்ணன் எனக்கு இரண்டு தடவை போன் போட்டிருக்கிறான். லைன் கிடைக்கவில்லை, அந்த நாட்களில் தீவுக்குத் தீவு கால் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். போனில் சார்ஜும் கொஞ்சம்தான் இருந்தது. அதனால் நெட்டைப் போட்டு ஆப்பில் எழுதினான்.

“அம்மாவுக்கு ஒரு பக்கம் வெளங்கல. இப்ப ஷிப்புல கூட்டிட்டு வர்றேன். ஜெட்டிக்கு ஆம்புலன்ஸ் கொண்டா. அம்மா பழைய பைல் உங்கிட்டதான் இருக்கு, எடுத்துக்க.”

டிக் விழுந்தது. நெட்டை அணைத்தான்.

நர்ஸ் அவனிடம் கேட்டிருக்கிறார்: அங்கே ஜெட்டியில் ஆள் இருக்கிறார்களா, இல்லை நாங்கள் வயர்லெஸ்ஸில் சொல்லிவிடட்டுமா என்று. தங்கச்சி இருக்கா சிஸ்டர், சொல்லியாச்சு, போயிருச்சு என்று அண்ணன் சொன்னான். டிக் விழாமல் இருந்திருந்தால் அவன் மூன்றாம் தடவை போன் போட்டிருப்பான். நாலாம் தடவையும் போட்டிருப்பான். வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்லியிருப்பான். போகவில்லை என்று தெரிந்தால் மனிதன் விடமாட்டான், ஏதாவது ஒரு வழி பார்ப்பான். போய்விட்டது என்று சொன்னதால்தான் அவன் நிம்மதியாக ஷிப் ஏறினான். ஷிப் கரையை விட்ட கொஞ்ச நேரத்தில் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது.

அன்று மத்தியானம் நான் சாத்தம் படகில் இருந்தேன். ஹார்ட்பீட் இடைவெளியைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். தூரத்தில் ஒரு ஷிப் துறைமுகத்துக்குள் திரும்புவது தெரிந்தது. ஹட் பே ஷிப் என்று பார்த்தவுடன் தெரியும். வாழைத்தார் வந்திருக்கும், சாயந்திரம் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். அதில் என் அம்மா இருந்தாள்.

ஷிப்பில் கூட வந்த இரண்டு பேர் கை கொடுத்து, அம்மாவை ஒரு பெஞ்சில் கிடத்தித் தூக்கி இறக்கினார்கள். ஜெட்டியில் ஒரு கூரை ஓரமாக வைத்தார்கள். அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என் நம்பர் அவனுக்கு மனப்பாடம் இல்லை, அது அணைந்த போனுக்குள் இருந்தது. ஆனால் அவன் பயப்படவில்லை, ஏனென்றால் நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அம்மா குழறிக் குழறி, பாப்பா எங்க என்று கேட்டாளாம். பாத்துட்டாம்மா, வந்துட்டிருக்கா என்றானாம். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாளாம். மறுபடி அதையே சொன்னானாம். இப்படி இரண்டு மணி நேரம். கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து என்ன ஏது என்று கேட்டு, அவரே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

சாயந்திரம் ஒரு தெரியாத நம்பரிலிருந்து கால் வந்தது. ஆஸ்பத்திரியில் யாருடைய சார்ஜரையோ வாங்கிப் போட்டு, என் நம்பரை எடுத்து, வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினான்.

“அம்மா ஆஸ்பத்திரியில இருக்கு. ஒனக்கு டைம் கெடைச்சா வா.”

வைத்துவிட்டான். நான் செருப்பு போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. வார்டு வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஏன் அண்ணே சொல்லவே இல்லை என்று நான்தான் முதலில் கத்தினேன். என் குணம் அப்படி. அவன் போனைத் திருப்பிக் காட்டினான். அவன் எழுதிய நாலு வரி, அதன் ஓரத்தில் நான் வரைந்த டிக். எனக்கு வரல அண்ணே என்றேன்.

“ஒன் மெஷினுதான் போயிருச்சுன்னு சொல்லுது. அது பொய் சொல்லுதா, நீ சொல்றியா?”

எனக்குப் பதில் தெரியும். அந்த டிக் எந்த வரியில் வரையப்படுகிறது என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் நின்று வரிசை, சர்வர், பதில் என்று விளக்க வாய் வரவில்லை. அம்மா உள்ளே கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பழைய பைலை எடுத்து வர மறுபடி ஷாதிபூருக்கு ஓடினேன்.

அம்மா மூன்று நாள் இருந்தாள். அந்த மூன்று நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்தாள், ஆனால் என்ன நினைத்துப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நேரம் கழித்து வந்தாயே என்று பார்த்தாளா, வந்துவிட்டாயே என்று பார்த்தாளா? இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். டாக்டர்களும் எங்களை மாதிரிதான், உறுதியாகத் தெரியாததைச் சொல்லமாட்டார்கள். என்னை மாதிரி இல்லை, தீதியை மாதிரி என்று சொல்ல வேண்டும்.

கருமாதி முடிந்து அண்ணன் ஷிப் ஏறினான். ஜெட்டியில் என்னிடம் போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை. அதன் பிறகு நான் போன் போட்டால் எடுப்பதில்லை. அண்ணிதான் எடுப்பாள், நல்லா இருக்காங்க என்பாள், வைத்துவிடுவாள். அம்மா ஜெட்டியில் கிடக்கும்போது செய்தியைப் பார்த்துவிட்டும் நான் வரவில்லை, வேலை முக்கியம் என்று இருந்துவிட்டேன் என்று அவன் நம்பினான். அப்பாவைக் கடல் கொண்டுபோனது, அம்மாவைத் தங்கச்சி விட்டுவிட்டாள் என்று யாரிடமோ சொன்னானாம். அது எனக்கு வந்து சேர்ந்தது. அந்த மாதிரி செய்தியெல்லாம் ஒரு நொடி தாமதிக்காமல் வந்து சேர்ந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து சர்வரின் பதிவை எடுத்துப் பார்த்தேன். எந்த போன் எப்போது வந்தது, எப்போது போனது என்று வரிவரியாக அதில் இருக்கும். அன்று விடிகாலை அண்ணன் போன் வந்திருந்தது. கதவைத் தட்டியிருக்கிறது. நான் இன்னார் என்று சொல்லி, சரி வா என்று சர்வர் சொல்லி முடிப்பதற்கு வானத்துக்கும் தரைக்கும் நாலைந்து தடவை போய் வர வேண்டும். அது பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, ஏழாவது நொடியில், இணைப்பு அறுந்திருந்தது. செய்தி அவன் போனைவிட்டுக் கிளம்பவே இல்லை. அதற்குள் நெட் அணைந்துவிட்டது. பிறகு போனும் அணைந்து, அனுப்பும் வரிசையில் நின்ற அந்த நாலு வரியும் அழிந்துவிட்டது, திரையில் எழுதியது மட்டும் மிஞ்சியது.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதோ அத்தாட்சி, எனக்கு வரவில்லை, நான் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று மேஜையைத் தட்டினேன். தீதி என் தோளில் கை வைத்தார். சொன்னேனே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு அந்த ஆப்பை முழுக்கப் பிரித்து எழுதினேன். செய்தியை முதலில் போனிலேயே அழியாதபடி எழுதி வைக்கும். போன் அணைந்து எழுந்தாலும் எடுத்து மறுபடி அனுப்பும். ஒரே செய்தி இரண்டு தடவை போய்விடாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். சர்வர் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லாமல் டிக் கிடையாது. அதற்கு முன் நெட்டை அணைத்தால், இன்னும் போகவில்லை என்று சிவப்பில் காட்டி, போன் அதிரும். ஜனங்கள் மறுபடி திட்டினார்கள். மறுபடி கடிகாரமா என்றார் பாய். ஆமாம் பாய், கடிகாரம்தான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அம்மாவின் முதல் தெவசத்துக்கு ஹட் பே போனேன். சர்வர் பதிவில் அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பையில் வைத்துக்கொண்டேன். ஷிப்பில் வழி முழுக்க, அவனிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வக்கீல் கோர்ட்டுக்குப் போகிற மாதிரிதான் போனேன்.

வீட்டில் அவன் என்னை வா என்றான், அவ்வளவுதான். படையல் முடிந்து, சாப்பிட்டவர்கள் எல்லாம் போன பிறகு, அவன் வாசலில் பிக்-அப்பின் பின்கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தான். நான் போய் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கை நான்தான் முன்னால் வைத்தேன், சர்வர் வாங்குவதற்கு முன்னாலேயே அது போயிருச்சு என்று காட்டும், நீ எழுதியது எனக்கு வரவே இல்லை, தப்பு என்னுடையது, ஆனால் நான் பார்த்துவிட்டு வராமல் இருக்கவில்லை. அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். உன் போன் வந்தது இங்கே, போனது இங்கே, ஏழு நொடி.

அவன் காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். அவன் முகம் இளகுவதைப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் முகம். அப்புறம் அந்த முகம் மாறியது.

“அப்ப, நான் நெட்ட பந்த் பண்ணாம இருந்திருந்தா போயிருக்குமா?”

ஒரு வருஷம் இந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவன் இந்தக் கேள்வியைக் கேட்பான் என்று தோன்றவே இல்லை. என்னை விடுவிக்கிற காகிதத்தை அச்செடுத்தேனே தவிர, அதே காகிதம் அவன் கையில் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. ஏழாவது நொடியில் அணைந்தது. இன்னும் நாலைந்து நொடி திறந்திருந்தால் போயிருக்கும். அது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். நான் ஆம்புலன்ஸோடு ஜெட்டியில் நின்றிருப்பேன். பாப்பா எங்க என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டிருப்பாள்.

“போயிருக்காது அண்ணே.”

“நெசமாவா?”

“நெசமாதான். நான்தான எழுதினது, எனக்குத் தெரியாதா? நீ நாள் முழுக்கத் தொறந்து வெச்சிருந்தாலும் போயிருக்காது. மெஷினுலதான் கோளாறு.”

அவன் காகிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அண்ணி வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் என்னை ஜெட்டிக்கு அவனே கொண்டுவந்து விட்டான். ஷிப்பில் சாப்பிட ஒரு பையில் சோறும் கருவாடும் கொடுத்தான். போய்ச் சேந்ததும் போன் போடு என்றான்.

அன்றிலிருந்து பேசுகிறான். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதுவாக இருந்தாலும் எல்லோரிடமும் சொல்கிறான்: தங்கச்சி மேல தப்பில்ல, அவ செஞ்ச மெஷினுல கோளாறு, அவளே ஒத்துக்கிட்டா. கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஒரு சித்தி நேரிலேயே, என்னாத்தப் படிச்சுக் கிழிச்ச என்று கேட்டாள். ஆமா சித்தி என்றேன். எனக்கு அது வலிக்கவில்லை. அவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், என்னோடு சண்டை போடுகிறான். வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

ஆனால் சர்வர் பதிவைப் பார்ப்பது என் தினசரி வேலை. எங்கள் தீவுகளின் போன்கள் அதில் வரும், இரண்டு நிமிஷம் இருக்கும், போகும். எல்லோரும் இன்னும் நெட்டை அணைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அண்ணன் போன் மட்டும் போவதில்லை. தெவசத்துக்கு மறுநாளிலிருந்து அப்படித்தான். டவர் விழுந்தால் அறும், எழுந்தவுடன் முதல் ஆளாக வந்து நிற்கும். ராத்திரி, பகல், அவன் தூங்குகிற நேரம், வண்டி ஓட்டுகிற நேரம், எப்போதும் இருக்கிறாயா என்று கேட்டால் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவன் போனில் இப்போதெல்லாம் சார்ஜே நிற்பதில்லை என்று அண்ணி குறைப்படுகிறாள்.

அவன் நெட்டை அணைப்பதே இல்லை. நான் சொன்னதை அவன் நம்பவில்லை, நம்பின மாதிரி எனக்காக இருக்கிறான். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் போனை எடுத்து, அணைச்சிட்டுத் தூங்கு அண்ணே என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. சொல்வதில்லை. சொன்னால், அவன் ஏன் திறந்து வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.